பிறந்த நாளுக்கு வட்டி

கல்யாணக் கடன் என்று ஒன்று உண்டு. வைத்தியக் கடன் உண்டு. வீடு கட்டிய கடன் உண்டு. இவற்றுக்கெல்லாம் நம் சமூகத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. "பெண்ணுக்குக் கல்யாணம் செய்தேன், கடனாளியாகிவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் தலையை ஆட்டி அனுதாபப்படுகிறார். ஆனால், "என் மகளுக்கு ஏழு வயது நிறைந்தது, அதனால் கடனாளியாகிவிட்டேன்" என்று ஒரு மனிதர் என்னிடம் வந்து சொன்னபோது, அனுதாபப்படுவதா, கோபித்துக்கொள்வதா என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். கடைசியில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ள மனமில்லாமல் இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் இருப்பவர். ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் உத்தியோகம். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மூத்தது பெண், இளையது பையன். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, மாதக் கடைசியில் கைமாற்று என்று எந்த வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. ஊரார் கணக்கையெல்லாம் ஒரு பைசா பிசகாமல் எழுதுகிற அந்த மனிதர், 2024-ஆம் வருஷம் ஜனவரி மாதம் தம் வீட்டுக் கணக்கில் வழுக்கி விழுந்துவிட்டார்.

நடந்தது இதுதான். மகளின் பிறந்த நாள் வார இறுதியில் வந்தது. பள்ளித் தோழிகளின் பிறந்த நாள்களுக்குப் போய் வந்த குழந்தை, அங்கே கண்டதையெல்லாம் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள். தகப்பனார் மனத்தில் ஒரு ரோஷம். கடற்கரைச் சாலையில் ஓர் உல்லாச விடுதி. அங்கே 'பிறந்த நாள் பாக்கேஜ்' என்று ஓர் ஏற்பாடு. இரண்டு இரவு தங்குவதற்கு 18,000 ரூபாய். சாப்பாட்டுக்கு 9,500. பலூன் தோரணமும் மின்விளக்கு ஜோடனையும் 6,000. கேக் 2,500. புகைப்படக்காரருக்கு 3,500. போக வரக் கார் 2,500. ஆக மொத்தம் 42,000. அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். கடன் அட்டையைத் தேய்த்து, பன்னிரண்டு தவணையாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு தவணைக்கும் வட்டியும் சேர்த்துக் கட்டச் சம்மதித்து வந்துவிட்டார்.

வந்த இரண்டாம் நாள் வீட்டில் சண்டை. மாடியில் நடக்கும் சண்டை கீழே எங்களுக்குக் கேட்காது; ஆனால் அடுத்த அறையில் படுத்திருந்த குழந்தைக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் மாலை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊஞ்சலில் உட்கார்ந்து கால் ஆட்டியபடி, யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

"தாத்தா, பிறந்த நாளே வராம இருக்கறதுக்கு என்ன பண்ணணும்?"

நான் ஐம்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். எத்தனையோ பாத்திரங்களின் வாயில் எத்தனையோ கேள்விகளை வைத்திருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. "போடி அசடு, பாயசம் சாப்பிடுகிறாயா?" என்று பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன். அது கோழைத்தனம். அந்தக் கோழைத்தனத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

நேயர்களே, உங்களைக் கேட்கிறேன். யாருக்காக இந்தக் கொண்டாட்டம்? "குழந்தைக்காகத்தான்" என்று உடனே சொல்வீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் நண்பர் கைபேசியில் படங்களைக் காட்டினார். நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் குழந்தை ஒரே இடத்தில் நிற்கிறாள். புதுச் சட்டை கழுத்தை உறுத்துகிறது என்பது முகத்தில் தெரிகிறது. பின்னால் பத்தடி தூரத்தில் கடல் இருக்கிறது. அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், நிற்க வைத்திருக்கிறார்கள். "எத்தனை நேரம் படம் எடுத்தார்கள்?" என்று கேட்டேன். "வெயில் சாய்கிற வரைக்கும் சார்" என்றார். வெயில் சாய்ந்த பிறகு கடலில் இறங்கக் கூடாது என்று விடுதிக்காரர்கள் தடுத்துவிட்டார்களாம். கடற்கரையில் பிறந்த நாள். கடலில் காலை நனைக்கவில்லை! அந்தப் படங்களை நாற்பது ஐம்பது உறவினர்களும் அலுவலக நண்பர்களும் பார்த்தார்கள். விருப்பக் குறி போட்டார்கள். அந்தக் குறிகளுக்குத்தான் என் நண்பர் 42,000 ரூபாய் கொடுத்தார். குழந்தைக்குக் கிடைத்தது கழுத்தில் ஒரு சிவப்புத் தடிப்பு.

இது அந்த ஒருவருடைய குற்றம் மட்டும் அல்ல. நாம் எல்லோரும் சேர்ந்து செய்கிற குற்றம். ஒரு வீட்டில் பலூன் கட்டினால் அடுத்த வீட்டில் தோரண வளைவு கட்ட வேண்டியிருக்கிறது. ஒருவர் வகுப்பில் சாக்லேட் கொடுத்தால், அடுத்தவர் பென்சில் பெட்டி கொடுக்கிறார். அதற்கடுத்தவர் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார். 'ரிட்டர்ன் கிஃப்ட்' என்று அதற்கு ஒரு பெயர் வேறு! கல்யாணத்தில் மொய்க் கணக்கு எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிற வழக்கத்தைப் பழமை என்று பரிகசித்தவர்கள்தாம் நாம். இப்போது ஏழு வயதுக் குழந்தைகளின் பெயரில் அதே மொய்க் கணக்கை நடத்திக்கொண்டிருக்கிறோம். வசதி உள்ளவர் செலவு செய்கிறார், உனக்கென்ன என்று கேட்கலாம். அவர் ஊதுகிற ஒவ்வொரு பலூனும், வசதி இல்லாத பக்கத்து வீட்டுத் தகப்பனின் தலையில் ஒரு வரியாக விழுகிறது என்பதுதான் எனக்கு. சட்டசபையில் நிறைவேறாத வரி. ஆனால் கட்டாமல் தப்ப முடியாத வரி.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்கள் சிலர் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். "அந்தக் காலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம். முடிந்தது!" என்பார்கள். தயவு செய்து என்னை அவர்களோடு சேர்த்துவிடாதீர்கள். அந்தக் காலத்தின் யோக்கியதை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பையன்களுக்கு நட்சத்திரம் பார்த்துப் பாயசம் வைத்தார்கள். என் தாயாருக்குத் தாம் பிறந்த தேதி கடைசிவரை தெரியாது. 'பெரிய மழை பெய்த வருஷம்' என்றுதான் சொல்வாள். எந்த மழை, எந்த வருஷம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, பெண் குழந்தைதானே! அந்தக் காலத்துச் சிக்கனம் பாதி வறுமை, மீதி அலட்சியம். ஒரு பெண் குழந்தையின் பிறந்த நாளை வீடே நினைவில் வைத்துக்கொண்டு, அவளுக்காக ஒரு பிரயாணம் போக வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுகிறானே, அது நல்ல மாறுதல். அந்த ஆசையை நான் வணங்குகிறேன். அந்த ஆசையைத் தவணை முறையில் விற்கிற வியாபாரத்தையும், அதற்குத் தலையை நீட்டுகிற நம் அசட்டு கௌரவத்தையும்தான் எதிர்க்கிறேன்.

நண்பருக்கு என்மேல் கோபம். "நீங்க எழுத்தாளர் சார். வேண்டாம்னு எழுதறது சுலபம். வேற என்ன செய்யறதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று சவால் விட்டார். நியாயமான சவால். அதனால் கடைசித் தவணையை அவர் கட்டி முடித்து, அடுத்த பிறந்த நாளும் வாசலில் வந்து நின்ற போது, இரண்டும் ஒரே மாதத்தில்தான் வந்தன, நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முதல் நிபந்தனையாக, திட்டம் போடும்போது குழந்தை பக்கத்தில் இருக்க வேண்டும் என்றேன். எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன். நண்பர் பதறிவிட்டார். "குழந்தையிடம் போய்ப் பணக் கணக்கா?" என்றார். "போன வருஷம் அவளுக்குக் கணக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? சுவருக்கு அப்பாலிருந்து, நீங்கள் இருவரும் கத்தும்போது தெரிந்துகொண்டாள். இந்த வருஷம் சாதாரணக் குரலில் சொல்லுங்கள்" என்றேன். அப்போதுதான், ஊஞ்சலில் உட்கார்ந்து அவள் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை.

தொகை ஆறாயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. மாதம் ஐந்நூறாக ஒதுக்கினால் ஒரு வருஷத்தில் சேருகிற தொகை. குழந்தையைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் தன் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, வெகு கம்பீரமாக மூன்று கோரிக்கைகளை வெளியிட்டாள். கடலில் நிற்க வேண்டும். ராத்திரி வேறு ஊரில் தூங்க வேண்டும். அப்பா கைபேசியை எடுக்கக் கூடாது. இந்த மூன்றில் எதற்கு ஐயா நாற்பதாயிரம் வேண்டும்?

முதலில் நண்பர் உதகமண்டலம் என்றார். நம்மவர்களுக்கு விடுமுறை என்றால் இரண்டே மலைகள்தாம் ஞாபகம் வரும். அந்த இரண்டு மலைகளும் நம் அன்பைத் தாங்க முடியாமல் மூச்சு முட்டி, உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போவதற்கு இ-பாஸ் முறையே வந்தது. இரண்டு நாள் விடுமுறையில் போக ஓர் இரவு, வர ஓர் இரவு. ரெயிலில் ஐந்து வயது நிரம்பிய குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரல் முதல் அதுதான் விதி. மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் பாதிப் பணம் போய்விடும். கார் வரிசையில் பாதிப் பகல் போய்விடும். எட்டு வயதுக் குழந்தைக்கு ஊர் தூரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. புதிதாக இருந்தால் போதும். சென்னைக்காரர்களுக்குச் சுமார் அறுபது கிலோமீட்டரில் மாமல்லபுரம் இருக்கிறது. அங்கிருந்து செங்கற்பட்டு வழியாகப் போனால் வேடந்தாங்கல் இருக்கிறது. ஜனவரியில் அங்கே பறவைகள் நிறைந்திருக்கும் பருவம். சனிக்கிழமை மாமல்லபுரம், ஞாயிற்றுக்கிழமை மாலை வேடந்தாங்கல், இரவு மின்சார ரெயிலில் வீடு. இதுதான் திட்டம்.

அதைப் படித்துக் காட்டியதும் நண்பரின் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். என் கட்டுரையிலேயே முக்கியமான கேள்வி அதுதான். "அப்ப விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கட்டறது யார் சார்? நானா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், 'சாப்பாடு: வீட்டிலிருந்து' என்று காகிதத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். சிக்கனத்தைப் பற்றி ஆண்கள் எழுதுகிற எல்லாக் கட்டுரைகளிலும் இந்த ஒரு வரி ஒளிந்திருக்கும். புளி கரைக்கிறவளுக்கும், பொட்டலம் கட்டுகிறவளுக்கும், திரும்பி வந்து பாத்திரம் தேய்க்கிறவளுக்கும் கூலி இல்லை. ஆகவே கணக்கில் செலவு குறைகிறது! அது சிக்கனம் அல்ல. செலவை ஒருவர் முதுகிலிருந்து இன்னொருவர் முதுகுக்கு மாற்றுவது. எட்டு வருஷத்துக்கு முன் அந்தக் குழந்தையைப் பெற்று வலிபட்டவளும் அவள்தான். அன்றைக்காவது அவளுடைய அடுப்பு அணைந்திருக்க வேண்டாமா? அந்த வரியை அடித்துவிட்டேன். 'சாப்பாடு: இரண்டு நாளும் ஓட்டலில், இதில் யாரும் கை வைக்கக் கூடாது' என்று எழுதினேன். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள் என்று எல்லாக் கணவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

போனார்கள். எல்லாம் பிரமாதமாக நடந்தது என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். திருவான்மியூரில் ஏறிய பேருந்தில் கோவளம் வரை உட்கார இடமில்லை. ஊருக்குள் பிடித்த சாதாரண விடுதியில் வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை. பையன் இரவு புது இடத்தில் தூக்கம் பிடிக்காமல் அழுதான். நண்பர் நடுவில் ஒரு முறை, "பேசாம போன வருஷ இடத்துக்கே வந்திருக்கலாம்" என்று முணுமுணுத்ததாகவும், அதற்கு மனைவி ஒரு பார்வை பார்த்ததாகவும் கேள்வி.

ஆனால் குழந்தை கடலில் நின்றாள். அப்பா இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடலில் இழுப்பு அதிகம். கணுக்கால் தண்ணீருக்கு மேல் குழந்தைகளை விடக் கூடாது. ஒரு தகப்பனின் இரண்டு கைகளும் குழந்தையைப் பிடித்திருக்கும்போது கைபேசியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதுவே பெரிய லாபம்.

'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மாமல்லபுரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைக் குழந்தைகளுக்கான ஊர் என்று நாம் நினைப்பதில்லை. அங்கே அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அது அர்ச்சுனன் தபசா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையா என்று பண்டிதர்கள் வாதாடுகிறார்கள். குழந்தைகளுக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. அவர்களுக்கு அங்கே யானைகள் இருக்கின்றன. பெரிய யானைக்குக் கீழே குட்டி யானைகள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஒற்றைக் காலில் தவம் செய்கிறது. அந்தத் தவத்தை நம்பி எலிகள் அதன் காலடியில் கூடியிருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்பி கருங்கல்லில் செதுக்கிய பரிகாசம் அது. இதைப் பார்க்கச் சாலையோரம் நின்றால் போதும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே சீட்டு. பெரியவர்களுக்கு 40 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறை காசு வாங்குவதில்லை. 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இடத்துக்குக் குழந்தையை இலவசமாக அனுமதிக்கிறார்கள். பக்கத்திலேயே உல்லாச விடுதிகளில் அதே குழந்தைக்கு 'கூடுதல் நபர்' என்று தனிக் கட்டணம் போடுகிறார்கள். இரண்டில் எது குழந்தையை மதிக்கிறது?

மறுநாள் பகலில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு வந்தார்கள். அந்தக் குன்றின் மேல் தினந்தோறும் வந்து சோறு உண்ட கழுகுகளைப் பார்த்த தலைமுறை என்னுடையது. 1990-களோடு அவை வருவது நின்றுபோய்விட்டது. மலையைக் காட்டி, "இங்கே கழுகு வரும், இப்போது வருவதில்லை" என்றுதான் நண்பரால் குழந்தையிடம் சொல்ல முடிந்தது. செங்கற்பட்டிலிருந்து படாளம் வரை பேருந்து. அங்கிருந்து காத்திருந்து திரும்ப அழைத்துவரும் பேச்சில் ஓர் ஆட்டோ. நாலு மணிக்கு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இருந்தார்கள்.

வேடந்தாங்கலுக்கு அந்த நேரத்தில்தான் போக வேண்டும். பகலில் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும். கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தை குத்தி நாரை, நீர்க்காகம் என்று ஏரிக்குள் நிற்கும் மரங்கள் எல்லாம் நிரம்பிவிடும். 1798-இல் அந்த ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, சுடக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு வாங்கிவிட்டார்கள். பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்ட ஊர் அது. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் அந்த ஏரி சேர்ந்தது.

அந்தக் கரையில் நின்று குழந்தை கேட்டாளாம்: "அப்பா, இத்தனை பறவைக்கும் ரூம் வாடகை யார் குடுக்கறாங்க?"

போன வருஷத்துத் தவணை அவள் மனத்தில் எப்படித் தங்கியிருக்கிறது பாருங்கள்! நண்பர் பதில் தெரியாமல் விழிக்க, பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னாராம்: "பறவையே குடுக்குது கண்ணு. அது போடற எச்சம் ஏரித் தண்ணியில கலக்குது. அந்தத் தண்ணிதான் எங்க வயலுக்கு எரு." வருகிறவர்களும் இருப்பவர்களும் ஒருவருக்கொருவர் உபகாரமாக இருக்கும் ஏற்பாடு. விருந்தாளியின் தலையில் வரி போட்டு வசூலிக்கும் நம்முடைய ஏற்பாட்டைவிட அது எவ்வளவோ நாகரிகம்.

கேக் இல்லையா என்று கேட்பீர்கள். குழந்தையும் கேட்டாள்; கொஞ்சம் அழுகையும் வந்தது. செங்கற்பட்டில் ரெயில் ஏறுமுன் ஒரு பேக்கரியில் சிறியதாக ஒன்று வாங்கினார்கள். கத்தி இல்லாததால் டப்பா மூடியால் வெட்டினார்கள். எதிர் இருக்கையில் இருந்த அம்மாளுக்கும் அவருடைய பேரனுக்கும் இரண்டு துண்டு போயிற்று. அந்த அம்மாள் தம் பையிலிருந்து இரண்டு கொய்யாப் பழம் எடுத்துக் கொடுத்தார். இதை வேண்டுமானால் 'ரிட்டர்ன் கிஃப்ட்' என்று சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேருந்து, ஆட்டோ, ரெயில் எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய். அறை வாடகை 1,800. கேக் உள்பட நால்வருக்கும் இரண்டு நாள் சாப்பாடு 2,200. நுழைவுச் சீட்டு வகையறா 200. சிற்பக் கடையில் குழந்தை பேரம் பேசி வாங்கிய கல் யானை 150. கணக்கில் வராத சில்லறை 150. ஆக 5,800. முதல் வருஷச் செலவில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒதுக்கிய ஆறாயிரத்தில் இருநூறு மீதி. அந்த மீதியைக் குழந்தை தன் உண்டியலில் போட்டுவிட்டாள். அடுத்த வருஷப் பிறந்த நாளுக்காம்.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். "நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்பது முதலாவது. நாலு பேர் உங்கள் தவணையில் ஒன்றையாவது கட்டப்போவதில்லை. "ஏன் இந்த வருஷம் கொண்டாடவில்லை?" என்று அலுவலகத்தில் கேட்டார்களாம், "கொண்டாடினோம், படம் எடுக்கவில்லை" என்று நண்பர் பதில் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு நடுத்தர வர்க்கத்தில் எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தைத்தான் உங்களிடம் யாசிக்கிறேன்.

"இந்த ஆறாயிரமும் இல்லாதவர்கள் என்ன செய்வது?" என்பது இரண்டாவது. நம்மில் பலருக்கு இல்லைதான். அப்படியானால் ஆயிரத்துக்கு ஒரு பகல் போய் வரலாம். நூறு ரூபாய்க்கு ஒரு மாலை மெரீனாவில் மணலில் உட்காரலாம். தொகை எதுவானாலும் மூன்று விஷயங்களை விடாதீர்கள். குழந்தையைக் கேட்டுச் செய்யுங்கள். தாயாருக்கு வேலை வைக்காதீர்கள். கடன் வாங்காதீர்கள். ஏனென்றால், கடன் வாங்கிக் கொடுக்கிற சந்தோஷத்தின் விலையைக் குழந்தைகள் எப்படியும் தெரிந்துகொள்கிறார்கள். தெரிந்துகொண்டதும், தாங்கள் பிறந்ததே பெற்றோருக்குச் சுமை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறந்த நாளைக் கொண்டாடுவது எதற்காக? "நீ பிறந்தது எங்களுக்குச் சந்தோஷம்" என்று சொல்வதற்காக. அதற்கு நேர் எதிரான செய்தியைப் பன்னிரண்டு தவணையில் சொல்லிக்கொண்டிருந்தோமே, இதைவிடப் பெரிய அநியாயம் ஒரு குழந்தைக்கு உண்டா?

மூன்றாவது ஆட்சேபணை, "வாழ்க்கையில் ஒரு முறைதானே" என்பது. இல்லை ஐயா. பிறந்த நாள் வருஷா வருஷம் வருகிறது. ஒரு முறை வருவது எட்டு வயதுதான். அந்த வயதில் குழந்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தயாராக இருக்கிறாள். பதினெட்டில் நீங்களே அழைத்தாலும் வர மாட்டாள்.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி எங்கள் ஊஞ்சலுக்கு வந்தாள். பழைய கேள்வியைக் கேட்கவில்லை. புதிதாக ஒன்று கேட்டாள்: "தாத்தா, அந்தக் கல்லுப் பூனை எப்பதான் காலைக் கீழ வைக்கும்?"

"எலிகள் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் வைக்காது அம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நாமும் அப்படித்தானே நின்றுகொண்டிருக்கிறோம்? சுற்றிலும் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒற்றைக் காலில், கால் கடுக்கக் கடுக்க ஒரு பொய்த் தவம்! கல்லில் அடித்த பூனைக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது. தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கைகளால் நம் குழந்தையைப் பிடித்துக்கொள்ளலாம்.